ஜாக்கியில் ஏறிய வண்டி

சேலத்துக்கு இண்டர்மீடியட் படிக்கப் போன நான், வகுப்பில் உட்கார்ந்ததைவிட மோட்டார் பட்டறையில் நின்றதுதான் அதிகம். கல்லூரிக்குப் போகிற வழியிலேயே அந்தப் பட்டறை இருந்தது என் துரதிர்ஷ்டம் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் அதைத் தேடிப் போக மூன்று தெரு சுற்ற வேண்டும்.

பட்டறைக்காரரிடம் கிரீஸ் கறை படிந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. அதில் சீமையில் ஓடிய ஒரு பஸ்ஸின் படம். அதன் வயிற்றில் பெட்ரோல் எஞ்சின் உண்டு. ஆனால் அந்த எஞ்சின் சக்கரத்தைச் சுற்றாது. டைனமோவைச் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரம் போய் வேறொரு மோட்டாரைச் சுற்ற, அந்த மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். கியர் மாற்றுகிற வேலையே கிடையாது. "பெட்ரோல்லயே ஓடற வண்டிக்கு நடுவுல கரண்டு எதுக்குங்க?" என்றார் பட்டறைக்காரர். அந்த நடுவில் இருந்த கரண்டுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது. ஒரே எஞ்சின் வண்டியையும் ஓட்டும், வேண்டுமென்றால் ஊருக்கு விளக்கும் போடும் என்று நானாகக் கற்பனை செய்துகொண்டேன். பரீட்சையில் தோற்றதற்கு இந்தக் கற்பனையும் ஒரு காரணம். மற்ற காரணம் சோம்பல்.

ஊர் திரும்பினேன். எங்கள் ஊர் புதுச்சத்திரத்திலிருந்து மேற்கே ஒரு நடை தூரம். யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருடம் முந்தைய சமயம் அது. அப்பா சேலத்து வியாபாரி ஒருவரிடமிருந்து பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினார். எங்கள் பங்காளி ஒருவர் வாங்கிவிட்டார், அதனால் நாங்களும் வாங்கியாக வேண்டும். "படிப்புத்தான் ஏறலை, இவனாச்சும் வண்டியில ஏறட்டும்" என்று அப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார். சொன்னவர் சிரித்தார், கேட்டவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அடுத்த வருடமே டைனமோவும் வந்துவிட்டது. ஊர் ஊராகக் கொட்டகை போட்டுப் படம் காட்டிய ஒரு கம்பெனி ஓமலூரில் நொடித்துப் போய் சாமான்களை விற்றபோது, அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தேன். சீமை பஸ்ஸைச் செய்கிற திறமை எனக்கு ஏது? பாதி செய்தேன். காரின் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். டயரையும் ட்யூபையும் கழற்றிவிட்டு வெறும் ரிம்மில் தோல் பெல்ட் மாட்டி, பெல்ட்டின் மறுமுனையை டைனமோவில் மாட்ட வேண்டும். மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், பலமெல்லாம் தூக்கிய சக்கரத்துக்கே வந்து அது சுற்றும், டைனமோ சுற்றும், பல்பு எரியும். கார் நின்ற இடத்திலேயே நிற்கும். ஓடினால் விளக்கு இல்லை. விளக்கு எரிந்தால் ஓட்டம் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நான் சீமைக்காரனிடம் தோற்றேன்.

இதில் எனக்குக் கைகொடுத்தவர் எங்கள் தோட்டத்தில் வேலை செய்த ஓர் ஆள். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அன்று நான் அவரை 'வாடா போடா' என்றுதான் கூப்பிட்டேன். பண்ணையார் மகன் என்பதால் அவர் என்னைச் 'சின்னப் பண்ணாடிங்க' என்றார், பிரியம் வந்தால் 'சாமி' என்றார். அவருக்குப் படிப்பு வாசனையே இல்லை. ஆனால் ஜாக்கியை எந்த இடத்தில் கொடுக்க வேண்டும், பெல்ட் வழுக்கினால் எவ்வளவு இழுக்க வேண்டும், ரேடியேட்டர் எப்போது தண்ணீர் கேட்கும் என்பதெல்லாம் இரண்டே நாளில் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. எனக்கு இரண்டு மாதம் ஆனது. வேலை முடிந்து இறக்கும்போது, கழற்றிய டயரை மறுபடி ரிம்மில் ஏற்றுகிற பாடெல்லாம் வேண்டாம், ரிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கண்டுபிடித்தவரும் அவரே. "கா மணி நேரத்துல ரோட்டுல நிக்கலாமுங்க" என்று சொல்லி, செய்தும் காட்டினார். அடுத்த தடவை சேலம் போனபோது, அந்த யோசனையை என்னுடையது என்று பட்டறைக்காரரிடம் சொன்னேன்.

என் தங்கையின் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ராசிபுரத்துப் பக்கம். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குச் சேலத்தில் வீடு. அந்த வீட்டில் சுவரில் பொத்தானை அமுக்கினால் விளக்கு எரியும். நிச்சயத்துக்கு வந்தபோது அவர் எங்கள் லாந்தரைப் பார்த்துவிட்டு, "எங்கூட்டுப் பக்கம் இதையெல்லாம் மாட்டுத் தாவாரத்துலதான் வெப்பமுங்க" என்றார். அப்பாவின் முகம் செத்துவிட்டது. அன்றைக்கே நான் முடிவு செய்தேன்: பந்தலில் கரண்டு விளக்குதான். பேசி வைத்திருந்த பெட்ரோமாக்ஸ் விளக்குகளை வேண்டாமென்று நானே ஆள் அனுப்பித் தடுத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானமே காரைப் பந்தலுக்குப் பின்னால் நிறுத்தினோம். தோட்டத்து ஆள்தான் ஜாக்கி கொடுத்துத் தூக்கினார், கல் அண்டை வைத்தார், பெல்ட் மாட்டினார். நான் பல்பு கட்டினேன். மொத்தம் பதினான்கு பல்புகள். கடைசிப் பல்பு காரின் தலைக்கு மேலேயே. வெயில் தாழ்ந்ததும் அவர், "ஊட்டுல அவளுக்கு இடுப்பு நோவு கண்டாப்புல இருக்குதுங்க, ஒரு எட்டுப் பாத்துப்போட்டு வாரேனுங்க" என்றார். போ என்றேன். அது அவருடைய மனைவிக்கு முதல் பிரசவம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டானது. எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எஞ்சினை முடுக்கினேன். பதினான்கு பல்பும் ஒன்றாக எரிந்தபோது பந்தலில் பேச்சே நின்றது. கல்யாணச் சீர்களை முன்னின்று நடத்தும் அருமைக்கார அம்மா எழுந்து வந்தார். மணவறையில் எண்ணெய் விளக்கு தன்பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அவரோ அதைவிட்டுவிட்டு, கம்பத்தில் கட்டியிருந்த பல்பை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். பிறகு என் டைனமோவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார். "இனித் தாலி ஏறற வரைக்கும் இது அணையக் கூடாதுங்கோவ்" என்று பெண்களைப் பார்த்துச் சொன்னார். ஸ்டெப்னிக்குக்கூட யாரோ ஒரு முழம் கதம்பம் சுற்றினார்கள். நான் உள்ளுக்குள் சிரித்தேன். ஆனால் அதைத் திருத்தவில்லை. இயந்திரத்தைச் சாமியாக்கினால் அதை ஓட்டுகிறவன் பூசாரி ஆகிவிடுகிறான் அல்லவா? எனக்கு அது பிடித்திருந்தது.

சேலத்துத் தாய்மாமன் பல்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் வந்தார். என் தோளில் கை வைத்து, "என்ற மகன் பண்டுனதுங்க" என்றார். எனக்கு நினைவு தெரிந்து அப்பா என் தோளில் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கையின் கனம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் அடுத்து நான் செய்தது யாருக்கும் புரியாது. புரிந்தாலும் மன்னிக்க வேண்டியதில்லை.

முதல் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, வெளிச்சம் கூடினால் குறைத்தும் குறைந்தால் கூட்டியும் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தோட்டத்து ஆள் வந்தார். பந்தலுக்குள் வர அவருக்கு அனுமதி கிடையாது. அதனால் வயல் வழியாகச் சுற்றி, காரின் பின்பக்கம் வந்து நின்றார். ஓடி வந்த மூச்சு.

"சாமி, கொழந்தை கொறுக்கால நிக்குதுங்க. மருத்துவச்சி கையை விரிச்சுப்போட்டா. நாமக்கல் ஆசுபத்திரிக்குக் கொண்டுட்டுப் போனாத்தான் ரண்டு உசுரும் நிக்கும்ங்கறா. வண்டியை எறக்கலாமுங்களா சாமி?"

நான் பதில் சொல்லுமுன் அப்பா அங்கே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். அப்பா கோபக்காரர், வீம்புக்காரர், வேலையாட்களிடம் நாக்கில் தேன் தடவிப் பேசுகிறவர் அல்ல. ஆனால் அன்று அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அருமைக்கார அம்மா சொன்னதையும் நினைக்கவில்லை. நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏஞ்சாமி, வண்டியை எறக்க எத்தனை நேரம் ஆகும்?"

கால் மணி நேரம். அவ்வளவுதான் ஆகும். பந்தல் கால் மணி நேரம் மட்டுமல்ல, வண்டி திரும்பி வரும்வரை இருட்டில் நிற்கும், அது உண்மை. ஆனால் லாந்தர்கள் இருந்தன, தீப்பந்தம் கட்டத் துணி இருந்தது, மணவறையில் எண்ணெய் விளக்கு இருந்தது. தாய்மாமன் இரண்டு வார்த்தை கிண்டல் செய்திருப்பார். அதற்குமேல் ஒன்றும் நடந்திருக்காது.

"ரண்டு மணி நேரமாச்சும் ஆகுமுங்கப்பா" என்றேன். "சக்கரத்தைப் பிரிச்சுப் போட்டிருக்குதுங்க. சூட்டுல பெல்ட்டைக் கழட்டுனா டைனமோ வெந்து போயிரும்."

சூட்டில் பெல்ட்டைக் கழற்றினால் ஒன்றும் ஆகாது. அந்த வாக்கியத்தை நான் தயார் செய்யவில்லை. அது தானாகவே, படித்தவன் பேச்சாக, சரளமாக வந்தது. அப்பா நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? அந்த இயந்திரத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இரண்டே பேர்தான். ஒருவன் பொய் சொல்லிக்கொண்டிருந்தான். மற்றவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

காருக்கு மேல் கட்டியிருந்த பல்பின் வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பூச்சுற்றியிருந்த ஸ்டெப்னியை ஒரு தடவை பார்த்தார். பிறகு அவரே மத்தியானம் வைத்த ஜாக்கியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "செரிங்க சாமி" என்றார்.

அவர் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'கா மணி நேரம் போதுமுங்க' என்று சொல்ல மூன்று மூச்சுகூட வேண்டாம். சொல்லவில்லை. பண்ணாடி மகனைப் பொய்யன் என்று பண்ணாடியிடம், சம்பந்திமார் கூடியிருக்கிற இடத்தில், அவர் எப்படிச் சொல்வார்? இது எனக்கும் தெரியும். பொய் சொல்லும்போதே தெரியும். அவர் வாயைத் திறக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். இத்தனை வருடத்தில் பல தடவை இதை வேறு விதமாக நினைத்துப் பார்க்க முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

அப்பா சத்தம் போட்டு ஆள் கூப்பிட்டு, எங்கள் சவாரி வண்டியை, நல்ல ஜோடி மாடுகளைப் பூட்டி அனுப்பச் சொன்னார். மெத்தை போடச் சொன்னார். காரில் அரை மணி நேரத்தில் போகிற தூரம். மாட்டு வண்டி, உள்ளே அப்படி ஒரு பெண்ணைப் படுக்க வைத்துக்கொண்டு, எவ்வளவு விரட்டினாலும் மூன்று மணி நேரம். மாட்டுச் சலங்கை ஒலி கிழக்கே போவது கேட்டது. நான் எஞ்சினை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். வெளிச்சம் போதவில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். வெளிச்சம் போதுமானதாகவே இருந்தது.

தாலி ஏறும்வரை விளக்கு அணையவில்லை.

விடிந்த பிறகுதான் எனக்கு இன்னொரு சங்கடம் வந்தது. மணமக்கள் அதே காரில் ராசிபுரம் போக வேண்டும். கால் மணி நேரத்தில் இறக்கினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். ஆகவே நான் இரண்டு மணி நேரம் வேலை செய்வதுபோல் நடித்தேன். பெல்ட்டைக் கழற்றினேன், திரும்ப மாட்டினேன், துடைத்தேன். ஸ்டெப்னியைத் தொடாமல், மட்டையாகக் கிடந்த டயரை ரிம்மில் ஏற்றுகிறேன் என்று வெயிலில் புரண்டேன். தங்கை மாலையும் கழுத்துமாகக் காத்திருந்தாள். "பாவம், எத்தனை வேலைங்க இதுல" என்று அந்தத் தாய்மாமனே விசிறியால் எனக்கு விசிறினார். சட்டையெல்லாம் வேர்வை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு உண்மையாக உழைத்தது அந்தப் பொய்க்குத்தான்.

நான் அப்படிப் புரண்டுகொண்டிருந்தபோது சவாரி வண்டி திரும்பி வந்தது. ஓட்டிப் போனவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பாவிடம் சொன்னார். தாய் பிழைத்துவிட்டாள், குழந்தை இறந்தே பிறந்தது, ஆண் குழந்தை. அப்பா மாடுகளை அவிழ்க்கச் சொன்னார். பிறகு என்னிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நீ வெசனப்படாத சாமி. நீ என்ன பண்டுவே, மெசினு அப்பிடி" என்றார். மறுபடியும் என் தோளில் கை வைத்தார். இந்த முறை அந்தக் கையைத் தாங்க முடியவில்லை. ஆனாலும் குனிந்தபடியே நட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சொன்னார், எந்த நேரத்தில் குழந்தை போனது, வழியிலா, அங்கே போன பிறகா, கார் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்பதை நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்ற பயம். தெரியாமல் இருப்பதில் ஒரு சின்ன நிழல் இருக்கிறது. அதில் இத்தனை காலம் ஒதுங்கி நின்றிருக்கிறேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவர் வேலைக்கு வந்தார். நான் தோட்டத்துப் பக்கம் போகாமல் இருந்தேன். எனக்கு வருத்தம் இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், நானும் நம்ப ஆசைப்படுவேன். ஆனால் அந்த நாட்களில் வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது வேறு: இவர் யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்ற கவலை. கிணற்று மேட்டில் நான்கு பேர் கூடி நின்றால் என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன். அவர் சொல்லவில்லை. மாதம் ஒன்றானது, இரண்டானது. அவர் மனைவியும் களை எடுக்க வந்தாள். என்னைக் கண்டால் எல்லோரையும்போல ஒதுங்கி நின்று வழிவிட்டாள். அவளுக்குத் தெரியாது என்று எனக்குப் புரிந்தது. மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. அப்போது எனக்கு வந்தது நிம்மதி. இதை எழுதும்போது காது சூடாகிறது, ஆனால் வந்தது நிம்மதிதான்.

கார்த்திகை முடிந்து, தை பிறந்து, பக்கத்து ஊரில் எங்கள் உறவுமுறையில் ஒரு கல்யாணம். கரண்டு விளக்கு வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டு வந்தார்கள். அப்பா பெருமையாகச் சரி என்றார். வேண்டாம் என்பதற்கு வெளியே சொல்லக்கூடிய காரணம் என்னிடம் ஒன்றும் இல்லை. காரை ஓட்டிக்கொண்டு போனேன். அப்பா அவரையும் உடன் அனுப்பினார். முன்சீட்டில் என் பக்கத்தில் அவர் உட்கார மாட்டார்; பின்னால் டைனமோவைப் பிடித்துக்கொண்டு, காலை மடக்கி உட்கார்ந்து வந்தார்.  

பந்தலுக்குப் பின்னால் நிறுத்தியதும் அவர் வழக்கம்போல இறங்கி, ஜாக்கி கொடுத்து, சக்கரத்தைத் தூக்கி, டயரைக் கழற்றி, பெல்ட்டை மாட்டினார். கல் அண்டை வைத்தார். இழுத்துப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும், நான் சொல்லாமலே, ஸ்டெப்னியை அதன் இடத்திலிருந்து கழற்றித் தூக்கி வந்து, தூக்கிய சக்கரத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். நட்டு கழற்றும் ஸ்பானரை அதன் மேல் வைத்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க சாமி, இன்னைக்கு ஆராச்சும் வண்டி வேணும்னு வந்தா, எறக்க எத்தனை நேரம் ஆகும்னு சொல்லட்டுங்க?"

குரலில் குத்தல் எதுவும் இல்லை. அவர் குத்திக் காட்டுகிற ஆளும் இல்லை. என்னென்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டு அதன்படி நடக்கிற ஒரு வேலையாள், தன் எசமானிடம் கேட்கிற கேள்வி அது. இரண்டு மணி நேரம் என்று நான் சொல்லியிருந்தால், வருகிறவரிடம் அவர் இரண்டு மணி நேரம் என்றே சொல்லியிருப்பார்.

நான் அந்த ஸ்பானரைப் பார்த்தேன். அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"கால் மணி நேரம்" என்றேன்.

"செரிங்க" என்று சொல்லிவிட்டு, ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர் எடுத்துவரக் குடத்தோடு கிணற்றுக்குப் போனார். அன்று வண்டி கேட்டு யாரும் வரவில்லை. விடியும்வரை விளக்கு எரிந்தது, எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.